செம்பருத்தி பூக்குற வரைக்கும்

இந்தா உங்க தொண்டைக்குழியில வச்சிருக்கேன்ல, இந்தக் கத்தி மேல சத்தியமாச் சொல்றேண்ணே. இனிமே நான் பேசுறதுல ஒரு வார்த்தகூடப் பொய் கெடையாது. பொய்யின்னா இந்தக் கத்தி வழுக்கட்டும். அட, ஏண்ணே பதறுறீங்க? நான்தான் பொய் சொல்ல மாட்டேன்ல? ஆடாம உக்காருங்க.

கட்டிங் பண்ணும்போதே கேட்டீங்க, ஊர்த் தாடியெல்லாம் எடுக்குற ஆளு, நீ ஏன்ப்பா மூஞ்சியில காடு வளத்து வச்சிருக்கன்னு. நீங்க ஊருக்குப் புதுசு, அதான் வாய்விட்டுக் கேட்டுட்டீங்க. உள்ளூர்க்காரய்ங்க கேக்க மாட்டாய்ங்க. வாசல்ல நின்னு என் மூஞ்சிய ஒரு பார்வ பாப்பாய்ங்க, அப்படியே திரும்பி எதுத்தாப்புல இருக்குற ஏசி சலூனுக்குள்ள போயிருவாய்ங்க. அவய்ங்களச் சொல்லிக் குத்தமில்ல. பல்லே இல்லாத பல் டாக்டர்கிட்ட எவன் வாயத் தொறப்பான்? எனக்கே என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலண்ணே. ரெண்டு மாசமா கண்ணாடியில வர்றவங்க தலைய மட்டுந்தான் பாக்குறேன். எம் பக்கம் கண்ணத் திருப்புறதே இல்ல.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு செம்பருத்திச் செடி. சிரிக்காதீங்க, நுரை மூக்குக்குள்ள போயிரும்.

போன வருசம் ஐப்பசியில அடமழை. கடையில ஈ, காக்கா இல்ல. போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். ஜப்பான்காரக் கெழவர் ஒருத்தர், தட்டுல ஒரு மரம் வச்சிருக்காரு. ஒரு முழ உசரந்தான் இருக்கும். கையில கத்திரி. வெட்டுறாரு, தள்ளி நின்னு பாக்குறாரு, மறுபடி வெட்டுறாரு. போன்சாயாம். பெரிய மரத்தக் கிளைய வெட்டி, வேர வெட்டி, குட்டையாவே வச்சிருக்கிறது. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுண்ணே. அட, இது நம்ம தொழில்தானய்யா! சொல்லப்போனா அந்தக் கெழவருக்குக் கை பத்தாது. வலது பக்கக் கிளையும் இடது பக்கக் கிளையும் ஒண்ணுபோல இல்ல. எங்கிட்ட ஒரு கிருதா அப்படி ஏத்த எறக்கமா இருந்து பாத்திருக்கீங்களா?

என் வீட்டுக்காரி முத்துப்பேச்சிகிட்ட சொன்னேன். "வெட்டத் தலை கெடைக்கலன்னு செடிக்குப் போயிட்டியாக்கும்?"ன்னா. அவ வாய் அப்படி. என் வாயே அவகிட்டக் கடன் வாங்குனதுதான்.

அழகர்கோயில் ரோட்டுல இன்னாசின்னு ஒருத்தன் நர்சரி வச்சிருக்கான். ரொம்ப வருசமா நம்ம கடை வாடிக்கை. அவன்ட்டப் போயி, "இன்னாசி, எனக்குப் பூக்குற போன்சாய் வேணும்"ன்னேன். மூலையில இருந்து ஒண்ண எடுத்தாந்தான். செம்பருத்தி. அடித்தண்டு என் மணிக்கட்டு மொத்தம். ஆனா உசரம் முழங்கால்கூட இல்ல. இடிச்ச வீட்டுல இருந்து தோண்டிக் கொண்டாந்தானாம். "ஒட்டுச் செடிண்ணே இது, லேசுல கெடைக்காது. இதழு நல்ல ஆரஞ்சு. நடுத்தொண்டையில மட்டும் கருஊதா, மையக் கொட்டிவிட்ட மாதிரி. மதுரையில இந்தக் கலரு நாலு வீட்டுல இருந்தா அதிகம்"ன்னான்.

"எங்கடா, ஒரு பூவக் காட்டு"ன்னேன்.

"இப்ப இல்லண்ணே. பூத்தா நீங்களே பாத்துக்கங்க"ன்னான்.

அந்தப் பூவத்தாண்ணே நான் இன்னைக்கு வரைக்கும் பாக்கல.

பாக்க என்ன குறை வச்சேன் சொல்லுங்க. பீங்கான் தட்டு வாங்குனேன். வேர இன்னாசி சொன்ன அளவுக்கு வெட்டி, செம்மண்ணும் மணலும் கலந்து நட்டேன். கிளைக்கெல்லாம் கம்பி சுத்தி வளச்சுவிட்டேன். உங்க தலைக்குத் தண்ணி அடிச்சேன்ல, அதே பாட்டில்லதான் காலையிலயும் சாயங்காலமும் அதுக்கும் அடிப்பேன். ஒரு தடவ இலைக்கு அடியில வெள்ள வெள்ளையா மாவுப்பூச்சி. எனக்குப் பொடுகு மாதிரி தெரிஞ்சுச்சு. சேவிங்குக்கு அப்புறம் போடுற லோஷன பஞ்சுல நனைச்சு ஒவ்வொரு இலையா தொடச்சேன். பூச்சி போயிருச்சுண்ணே! ஒரு வாரத்துக்குச் செடி புது மாப்பிள்ள மாதிரி மணத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

எங்க வீடு இந்தக் கடைக்குப் பின்னால, சந்துக்குள்ள. மதில் சுவர் மேல வச்சேன், தெருவப் பாத்த மாதிரி. முத்துப்பேச்சி அன்னைக்கே சொன்னா, "உள்ள எடுத்து வையிய்யா, ஆடு மாடு மேஞ்சிரும்"ன்னு. "போடி, போறவன் வர்றவன் பாக்காட்டி எதுக்குடி வெட்டுறது?"ன்னுட்டேன். நியாயந்தான? உள்ள வச்சா செவுத்துப் பல்லியா வந்து பாராட்டப் போகுது?

செவ்வாக்கெழம எங்களுக்குக் கடை லீவு. செவ்வாக்கெழம தோறும் கத்திரி, சீப்பு எடுத்துக்கிட்டு செடி முன்னாடி உக்காந்துருவேன். சுத்தி வந்து நுனி நுனியா வெட்டுவேன். என்னா வடிவு தெரியுமா? மிலிட்டரிக் கட்டிங் மாதிரி. ஒரு நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்காது. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, தை போச்சு. பூவக் காணோம். இல தளதளன்னு இருக்கு, பூ மட்டும் இல்ல. தண்ணியக் கூட்டுனேன், கொறச்சேன். வாழப்பழத் தோல் போட்டேன். பெஞ்சுல உக்காந்து ஓசிப் பேப்பர் படிக்கிறவன்லாம் கேக்குறான், "என்ன சோனைமுத்து, இன்னும் வயசுக்கு வரலயா?"ன்னு.

மாசியில இன்னாசி முடி வெட்ட வந்தான். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி செடியக் காட்டுனேன். செடியப் பாக்கலண்ணே அவன். கீழ கெடந்த குப்பையக் கிளறுனான். நான் முந்துன நாள் வெட்டிப் போட்ட நுனியில ஒண்ணு எடுத்து என் உள்ளங்கையில வச்சான்.

"இது என்னண்ணே?"

"நுனிடா. வெடிச்ச முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"மொட்டுண்ணே அது. செம்பருத்தி நுனியிலதான் மொட்டு விடும். வாராவாரம் வந்து நீங்களே அறுத்துப் போட்டுட்டு, எங்கிட்ட வந்து பூக்கலங்குறீங்க!"

நாலு மாசம்ணே! நாலு மாசம் எங்கையாலயே வெட்டி எறிஞ்சிருக்கேன். இன்னாசிப் பய போயி கடை பூராம் சொல்லிட்டான். இன்னைக்கும் எவனாவது கட்டிங்குக்கு உக்காந்தா, "அண்ணே, மொட்டப் பாத்து வெட்டுங்கண்ணே"ங்குறாய்ங்க. காத இந்தப் பக்கம் திருப்புங்க. உங்க காதத்தாண்ணே, பயப்படாதீங்க.

சரி, கத்திரிய எடுத்து உள்ள வச்சிட்டேன். வெட்டவே இல்ல. பங்குனி பொறந்துச்சு, நுனியில ஒரு மொட்டு. பயறு அளவு. மறுநாள் கொண்டைக்கடலை. எனக்குச் சந்தோசம் தாங்கல. இந்தத் தெருமுக்குல ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு, வரும்போது பாத்திருப்பீங்க, டிரான்ஸ்பார்மர ஒட்டி. ஓடுனேன். தோப்புக்கரணம் போட்டேன். போட்டுட்டு வாய சும்மா வச்சிருக்கலாம்ல? "பிள்ளையாரப்பா, என் செடியோட முதப் பூவ நான் கண்ணால பாக்குற வரைக்கும் என் மூஞ்சியில கத்தி படாது"ன்னு நேர்ந்துக்கிட்டேன். நாலு நாள் கணக்கு. நாலு நாள் தாடி எவன் மூஞ்சியிலதான் இல்ல?

அஞ்சாம் நாள் காலையில போயிப் பாக்குறேன். மொட்டக் காணோம். காம்பு மட்டும் நிக்குது.

அடுத்த மொட்டு வந்துச்சு. பெருசாச்சு. நாளைக்கு விரிஞ்சிரும்னு நெனச்சா, காலையில காணோம். அதுக்கடுத்தது. அதுக்கடுத்தது. வாரத்துல மூணு நாளு நாலு நாளு இதே கூத்து. இன்னைக்குக் காலையிலகூட ஒண்ணு போச்சுண்ணே. ரெண்டு மாசம்! எவன், எது, ஒண்ணும் வெளங்கல.

இதுல எனக்கு ஆறுதல் சொல்ற ஒரே மனுசன் கண்டக்டர் தவமணி அண்ணாச்சிதான். பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பிள்ளையார் கோயிலக் கூட்டிக் கழுவி, பூப்போட்டு, எல்லாம் அவருதான். யாரும் சம்பளம் குடுக்கல. விடியுறதுக்கு முன்னாடி ஒரு மஞ்சப்பை, ஒரு கொக்கிக் கம்பு, கெளம்பிருவாரு. நாலு தெரு சுத்தி, சுவருக்கு வெளிய தொங்குற பூவெல்லாம் பறிச்சுக்கிட்டு வந்து பிள்ளையாருக்குச் சாத்துவாரு. ஒரு தடவ எதுத்த வீட்டு ராஜகுமாரி டீச்சர் இந்தக் கடை வாசல்லயே வந்து நின்னு அவரப் பிடிபிடின்னு பிடிச்சுச்சு, "என் நந்தியாவட்டைய ஒண்ணு விடாம மொட்டையடிச்சிட்டீரே, வெக்கமா இல்ல?"ன்னு. நான்தான் சமாதானம் பண்ணி விட்டேன். "விடுங்க டீச்சர், அவரென்ன சம்சாரத்துக்கா வச்சாரு? சாமிக்குன்னு பறிச்சா அது திருட்டுல சேராது"ன்னேன். கடையே சிரிச்சுச்சு. டீச்சர் மொறச்சுக்கிட்டே போயிருச்சு. கண்டக்டருக்கு எம்மேல தனிப் பிரியம் அன்னைல இருந்து.

தெனம் காலையில ஆறு மணிக்குப் போயி பிள்ளையாருகிட்ட அழுவேன். அவரு திருநீறு குடுத்து, முத நாள் சாத்துன பூவ எடுத்து எங்கையில வைப்பாரு. "பொறுமையா இரு சோனைமுத்து. பூக்க வேண்டியது பூத்துக்கிட்டுத்தான் இருக்கும், பாக்க வேண்டிய நேரத்துல நீ பாப்ப"ம்பாரு. என்னா ஞானம் பாருங்க. பாதி நாளு நந்தியாவட்டை. பாதி நாளு செம்பருத்தி. மொட்டுப் போன மறுநாளு மட்டும் சொல்லி வச்ச மாதிரி செம்பருத்திதான். பிள்ளையாருக்குக்கூட என் வேதனை தெரியுது, அதான் ஆறுதலுக்கு அவரு பங்குக்கு ஒண்ணு அனுப்புறாருன்னு நெனச்சுக்குவேன். செம்பருத்தி ஒரு நாள் பூவுல்ல, மறுநாள் சுருண்டு பீடி மாதிரி ஆயிரும், என்ன கலருன்னே தெரியாது. அதயும் கண்ணுல ஒத்தி, காதுல செருகிக்கிட்டுத்தான் கடையத் தொறப்பேன்.

அதுல வந்துச்சுண்ணே அடுத்த வில்லங்கம். என் சட்டக் காலர்ல ஊதாக் கறை. தாடியில இந்தக் கன்னத்தோரமும் ஊதா. தொவச்சா போக மாட்டேங்குது. எங்க இருந்து வருதுன்னே தெரியல. யாரோ டை அடிக்க வந்தவன் தலையிலருந்து ஒட்டியிருக்கும்னு நான் நெனச்சேன். முத்துப்பேச்சி வேற நெனச்சுட்டா.

"எவ அவ, ஊதாக் கலர்ல சாயம் பூசுறவ?"ன்னா.

"பிள்ளையார் சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தாடி வளக்குற, விடியக்கால எந்திரிச்சு ஓடுற, காதுல பூ வச்சுக்கிட்டு வர்ற, காலர்ல கறை. செடி பூக்கணும்னு வேண்டுதலாம்! நானும் ரெண்டு மாசமா பாக்குறேன், அந்தச் செடியில ஒரு பூ பூத்து நான் பாக்கல. பூக்குற செடியா அது? நீ சொல்ற ஆரஞ்சுப் பூவுன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்கா?"

மூணு வாரமாச்சு, பைய எடுத்துக்கிட்டு விருதுநகர்ல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறா: "பூத்தா போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அந்த ஊதாக்காரியே உனக்குச் சோறு பொங்கிப் போடட்டும்." போன் எடுக்க மாட்டேங்குறா. மத்தியானம் நான் பரோட்டா திங்கிறேன்ணே. மூணு வாரமா பரோட்டா. வயித்துல கல்லப் போட்ட மாதிரி இருக்கு. அவ திட்டுறது காதுல விழாம பொழுதே போக மாட்டேங்குது, அது வேற.

இனி விடக்கூடாதுன்னு போன வாரம் ஒரு நாள் விடிகாலையில நாற்காலியப் போட்டுச் செடி பக்கத்துலயே உக்காந்துட்டேன். மொட்டு நல்லா பெருவெரல் தண்டி நிக்குது. அன்னைக்கு அத விரிய வச்சுப் பாத்தே தீர்றதுன்னு இருக்கேன். கண்டக்டர் மஞ்சப்பையோட வந்தாரு. "என்ன சோனைமுத்து, காவலா?"ன்னாரு. "ஆமா அண்ணாச்சி"ன்னேன். பாவம், அவரும் நின்னு எனக்குத் தொணைக்குப் பேசிக்கிட்டு இருந்தாரு. "விடியக்காத்துல ஒக்காந்து தொண்ட கட்டிரும், போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா. நான் பாத்துக்கிறேன்"னாரு. நல்ல மனுசன். போயி வாங்கிட்டு வந்தேன். அஞ்சு நிமிசம் இருக்காது.

மொட்டக் காணோம்!

"அணில்ப்பா! இப்படி வந்துச்சு, அப்படிப் போச்சு. கம்ப ஓங்குறதுக்குள்ள கவ்விருச்சு. உன் கண்ணு முன்னாடி நடந்திருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட"ன்னாரு. ரெண்டு டீயயும் அவரே குடிச்சாரு. எனக்கு எங்க எறங்குது?

அணில்! நான் ஆட்ட நெனச்சேன், வவ்வால நெனச்சேன், எதுத்த ஏசி சலூன்காரன நெனச்சேன். அணில நெனக்கலயே! எலிக்கூண்டு வாங்கித் தேங்காச் சில்லு வச்சேன். நேத்து ஒண்ணு மாட்டுச்சு. கூண்டோட வைகைக்கு அங்கிட்டுக் கொண்டு போயி விட்டுட்டு வந்தேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. குடும்பம் இங்க இருக்கும் போல. அப்ப ஒழிஞ்சது சனின்னு நிம்மதியாத் தூங்கி எந்திரிச்சா, இன்னைக்குக் காலையில மொட்டு போச்சு. அப்ப ரெண்டு அணிலு. கூட்டமா வருதுக.

இன்னைக்குக் கண்டக்டர் வேற ஊர்ல இல்ல. பேரனுக்குக் காதுகுத்துன்னு சிவகாசி கெளம்பிட்டாரு. அவசரத்துல பூச்சாத்தக்கூட நேரமில்ல. கோயிலப் பூட்டிக்கிட்டே, "இந்தா, இன்னைக்குப் பிள்ளையாரு காலடியில வச்சு எடுத்தது"ன்னு மஞ்சப்பையிலருந்து ஒரு மொட்டு எடுத்து எங்கையில அழுத்திட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாரு. எனக்கு இருந்த வெறுப்புல அத எங்க பாத்தேன்? அப்படியே காதுல செருகிக்கிட்டு வந்து கடையத் தொறந்தேன்.

என்னண்ணே? வாயக் கோணாதீங்க, பாதிக் கன்னம் பாக்கியிருக்கு. என்ன கண்ணாடியில கையக் காட்டுறீங்க? கட்டிங் பண்ணும்போதும் அப்பப்ப அங்கயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. தாடிய வேடிக்க பாக்குறீங்கன்னு விட்டுட்டேன். எங்க? எங் காதுலயா? என்ன எங் காதுல...

இருங்க.

இருங்கண்ணே, கத்திய வச்சுக்கிறேன். எம் மூஞ்சியக் கண்ணாடியில பாத்துக்கிறேன்.

ஆரஞ்சு. நடுவுல ஊதா. மையக் கொட்டிவிட்ட மாதிரி.

இது... இது என்னோடதுண்ணே. இன்னாசி சொன்னது. இதழ்ல சுருக்கம்கூட இல்ல, இப்பத்தான் விரிஞ்சிருக்கு. எங் காதுலயே விரிஞ்சிருக்கு. நான் இங்க நின்னு பொலம்பிக்கிட்டு இருக்கும்போதே பூத்திருக்குண்ணே! நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க!

யோவ் கண்டக்டர்! ரெண்டு டீ குடிச்சியேய்யா! அணிலாம்ல, அணிலு! பாவம், அந்த அணிலு எந்தப் பாலத்தத் தாண்டி வருதோ. வரட்டும் சிவகாசியில இருந்து, அந்த மஞ்சப்பையப் புடுங்கி... என்னன்னு சொல்லிப் புடுங்குறது? சாமிக்குன்னு பறிச்சா திருட்டுல சேராதுன்னு தீர்ப்புச் சொன்னதே இந்த வாய்தான். டீச்சர் காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான், தெருவக் கூட்டிச் சிரிச்சிரும்.

அண்ணே, எந்திரிங்க. எந்திரிங்கங்குறேன். இந்தாங்க போனு. கறையும் தெரியணும், பூவும் தெரியணும், ரெண்டும் ஒரே போட்டோவுல. காலர இழுத்துப் புடிச்சுக்கிறேன். எடுத்துட்டீங்களா? ஊதாவும் ஊதாவும் ஒண்ணுதான்னு தெரியுதா? குடுங்க. முத்துப்பேச்சிக்குத்தான் அனுப்புறேன். "இதான்டி அந்த ஊதாக்காரி"ன்னு வாயில பேசியே அனுப்பிட்டேன், எழுத வராது.

போயிருச்சு. வாட்சப்புல ரெண்டு டிக்கு விழுந்திருக்கு.

நீலமாயிருச்சுண்ணே! பாத்துட்டா!

ஏதோ பதில் அடிக்கிறா. அடிச்சிட்டே இருக்கா. பெருசாத் திட்டுவா போல. திட்டட்டும். அப்படி அந்தப் பெஞ்சுல உக்காருங்க, நாற்காலி எனக்கு வேணும். சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸு வர்றதுக்குள்ள இந்தக் காட்ட எறக்கணும். முதப் பூவப் பாத்தாச்சு, வேண்டுதல் முடிஞ்சுச்சு. செடியில பாக்கணும்னு நான் வேண்டல, கண்ணால பாக்கணும்னுதான் வேண்டுனேன். உங்க பாதிக் கன்னத்துக்கு என்ன அவசரம்? நான் ரெண்டு மாசம் பொறுத்தேன், நீங்க பத்து நிமிசம் பொறுக்கக் கூடாதா?

இப்பவே கெளம்புறீங்களா, பாதிச் சேவிங்கோடவா? சரி, உங்க இஷ்டம். கட்டிங் நூத்தம்பது. சேவிங் பாதிக்கு முப்பது. அப்புறம் இன்னொரு இருபது. அது எதுக்கா? நான் ரெண்டு மாசமா பாக்காத பூவ, அரை மணி நேரம் உக்காந்து ஓசியில பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லாம இருந்தீங்கல்ல? அதுக்கு. எடுங்க.